வார்டில் தொடங்குங்கள்

கேள்வி: "குடியாத்தம் ஒன்றியத்தில் ஒரு கிராம ஊராட்சி எங்களுடையது. எனக்கு வயது 22. வேலூரில் முதுகலை படிக்கும் பெண் நான். அரசியலிலும் பொது வாழ்க்கையிலும் ஈடுபட வேண்டும் என்று ஆசை. வீட்டில் யாரும் எந்தக் கட்சியிலும் இல்லை, செலவழிக்கப் பணமும் இல்லை. 'முதலில் வேலை, கல்யாணம், மற்றதெல்லாம் பிறகு' என்கிறார்கள். சட்டமன்றத்தில் நிற்க 25 வயது ஆக வேண்டுமாமே, அதுவரை என்ன செய்வது? கட்சியில் சேரலாமா?"

25 வயதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த வயது சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும்தான். ஊராட்சியானாலும் மாநகராட்சியானாலும் 21 வயது நிறைந்தவர் தேர்தலில் நிற்கலாம் என்று அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. வீட்டில் தயங்கினால் நம் மாநிலத்திலேயே நடந்ததைக் காட்டுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் கே.என்.தொட்டி ஊராட்சித் தலைவராக 2020 தொடக்கத்தில் பொறுப்பேற்ற சந்தியா ராணி அப்போது 21 வயதுக் கல்லூரி மாணவி. தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில் 2021இல் தலைவரான சாருகலாவுக்கும் 21தான். அதே தேர்தலில் திருநெல்வேலிப் பக்கம் சிவந்திப்பட்டியில் வென்று தலைவரானவர் 90 வயதுப் பெருமாத்தாள். ஊர் மக்கள் வயதை மட்டும் பார்த்து வாக்களிப்பதில்லை.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது தலைவர் பதவியைப் பற்றியல்ல. வார்டு உறுப்பினர் பதவியைப் பற்றி. ஊராட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறேன். இளைஞர்கள் யாரும் ஆசைப்படாத பதவி அது. "வார்டு மெம்பருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். பலர் மனுத் தாக்கல் செய்வதே ஊர்ப் பெரியவர் யாரோ சொன்னதற்காக. பிறகு ஐந்து ஆண்டுகள் தீர்மானப் புத்தகத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அந்த நாற்காலியைச் சரியாகப் பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்று நம் ஊர்களில் பெரும்பாலும் யாரும் பார்த்ததில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சியின் காசோலையில் தலைவர் மட்டும் கையெழுத்திட்டால் செல்லாது. துணைத்தலைவரும் சேர்ந்து இட வேண்டும். அந்தத் துணைத்தலைவர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர் அல்லர். வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள்ளிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால், நாலு உறுப்பினர்களின் நம்பிக்கையைப் பெற்ற 22 வயதுப் பெண் ஒருவர், ஒரு ரூபாய்கூடத் தன் பார்வைக்குத் தப்பிப் போகாத இடத்துக்கு முதல் மாதத்திலேயே வந்துவிட முடியும். துணைத்தலைவர் ஆகாவிட்டாலும், செலவினங்கள் உறுப்பினர் கூட்டத்தின் முன் வந்தாக வேண்டும். "இந்தப் பைப் லைனுக்கு அளவுப் புத்தகம் எங்கே?" என்று அமைதியாகக் கேட்கும் ஓர் உறுப்பினர் இருக்கும் ஊராட்சியில் வேலையின் தரமே மாறிப்போவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

செலவும் உங்கள் கைக்கு எட்டாததல்ல. கடந்த தேர்தலில் வார்டு உறுப்பினருக்கான வைப்புத் தொகை 200 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 100. தலைவர் பதவிக்கு 600. வார்டு உறுப்பினர் செய்யக்கூடிய தேர்தல் செலவுக்கு உச்சவரம்பு 9,000 ரூபாய், தலைவருக்கு 34,000. வார்டு உறுப்பினர், தலைவர் ஆகிய இரண்டு தேர்தலும் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பவை. கட்சிச் சின்னம் வருவது ஒன்றியக் கவுன்சிலருக்கும் மாவட்டக் கவுன்சிலருக்கும்தான். வீட்டில் கட்சி இல்லையே என்ற உங்கள் கவலைக்கு இதுவே பாதிப் பதில். ஒரு வார்டு என்பது சில நூறு வாக்குகள். அந்த வீடுகளில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத வீடு எத்தனை இருக்கும்?

நம் மாவட்டத்தில் நடந்த ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. 2019 டிசம்பரில் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, வேலூர் மாவட்டம் அப்போதுதான் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் நாம் விடப்பட்டோம். இங்கே வாக்குப்பதிவு நடந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். ஐந்து ஆண்டுகள், அதாவது ஒரு முழுப் பதவிக்காலம், நம் கிராமங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர்கூட இல்லை. அரசு நியமித்த தனி அலுவலர்கள் நடத்தினார்கள். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தலை முடிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் சொல்லியிருந்தும் இப்படி நடந்தது. அந்த ஆண்டுகளில் 21 வயதைத் தொட்ட ஒரு தலைமுறை, ஊராட்சி என்பது மக்கள் நடத்துவது என்பதையே பார்க்காமல் வளர்ந்துவிட்டது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல், எல்லாவற்றையும் எம்.எல்.ஏ. தலையில் போடும் பழக்கம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். 2021இல் தேர்வானவர்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரில் முடிகிறது. 2019இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தபோதும் உடனே தேர்தல் வரவில்லை, மீண்டும் தனி அலுவலர்கள்தான் வந்தார்கள். எனவே தேதியை நம்பி உட்கார்ந்திருக்காமல் இன்றே ஆயத்தமாகத் தொடங்குங்கள்.

ஆயத்தம் என்று நான் சொல்வது கிராம சபையை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லாரும் அதன் உறுப்பினர்கள். நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மக்கள் தொகைக்கு ஏற்பக் குறைந்தபட்ச வருகை எண்ணிக்கையும் உண்டு: 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. பல இடங்களில் நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களை வைத்தே இந்த எண்ணிக்கை நிரம்புகிறது. அவர்கள் மரத்தடியில் கையெழுத்திட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள், வரவு செலவை ஒருவர் வேகமாக வாசித்து முடிக்கிறார். படித்த பிள்ளைகள் யாரும் வருவதில்லை. நீங்கள் போய் உட்காருங்கள். முதல் கூட்டத்தில் பேசவே வேண்டாம். வாசிக்கும் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு வரி எவ்வளவு வந்தது, மாநில நிதிக்குழு மானியம் எவ்வளவு, மத்திய நிதிக்குழு மானியம் எவ்வளவு, மின்கட்டணத்துக்கு எவ்வளவு போனது என்று பாருங்கள். ஊராட்சியின் பணத்தில் பெரும்பகுதி மோட்டார்களுக்கான மின்கட்டணத்துக்கும் தூய்மைப் பணியாளர், குடிநீர்த் தொட்டி இயக்குபவர் சம்பளத்துக்கும் போய்விடுவது தெரியவரும். அது தெரிந்த பிறகு உங்கள் கேள்விகள் மேடைப் பேச்சாக இருக்காது.

கிராம சபைத் தீர்மானம் வெறும் காகிதம் என்று சொல்பவர்களுக்கு நான் நம் மாவட்டத்து அணைக்கட்டு ஒன்றியத்தின் மலைகளைக் காட்டுவேன். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை உரிய நேரத்தில் மருத்துவமனைக்கு வந்து சேர முடியாமல் இறந்தது. சாலை இல்லாததால் தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி மலைப்பாதையில் நடந்தே ஏறினார். அந்தச் செய்தியைப் படித்து நாடே பதறியது. காப்புக்காட்டில் சாலை போட முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும் என்பதுதான் மலைக் கிராமங்களுக்குப் பல ஆண்டுகளாகக் கிடைத்துவரும் பதில். ஆனால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் 3(2) என்று ஒரு பிரிவு இருக்கிறது. சாலை, பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய் போன்ற பதின்மூன்று வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அந்தச் சட்டம் வைக்கும் நிபந்தனை, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும் என்பது. தேவையான தீர்மானத்தைச் சரியான வாசகத்தில் எழுதி, சர்வே எண்ணையும் நீள அகலத்தையும் மரக் கணக்கையும் இணைத்து, நிறைவேற்றி, மாவட்ட வன அலுவலர்வரை விடாமல் பின்தொடர ஆள் வேண்டும். பட்டம் பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் எத்தனை பிள்ளைகளுக்கு அந்த மலையடிவாரத்திலேயே இது முடியும்! நீளமான சாலைக்கு இந்தப் பிரிவு மட்டும் போதாது என்பது உண்மைதான். பிறகு வேறு அனுமதிகளும் நிதியும் தேவைப்படும். ஆனாலும் முதல் காகிதம் கிராம சபையிலிருந்துதான் கிளம்ப வேண்டும். தலைமை என்று நான் நினைப்பது இந்த வேலையைத்தான். ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் அது முடியும்வரை விடாத பிடிவாதம்.

நம் பகுதிக்கு இந்தப் பிடிவாதம் புதிதல்ல. பாலாற்றில் தோல் கழிவு கலப்பதை எதிர்த்து 1991இல் உச்ச நீதிமன்றம் போனது ஒரு குடிமக்கள் அமைப்பு, வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம். 1996 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு இன்றும் இந்தியா முழுவதும் சட்டக் கல்லூரிகளில் பாடம். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், ஆபத்து முழுதும் நிரூபணமாகும்வரை காத்திருக்கக் கூடாது என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்த நாட்டின் சட்டத்தில் உறுதியாக நிலைபெற்றது நம் ஆற்றின் பெயரால். அதன் பிறகும் ஆறு சுத்தமாகவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட வேண்டியிருந்தது. தீர்ப்பை வாங்குவதைவிட அதை நிறைவேற்ற வைப்பது நீண்ட வேலை. அந்த வேலை உங்கள் வயதுக்காரர்களுக்காகக் காத்திருக்கிறது.

பழைய தலைமுறை எப்படி இளம் வயதிலேயே மேலே வந்தது என்று நீங்கள் யோசித்திருக்கலாம். குடியாத்தம்காரரான உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 1954இல் முதலமைச்சரான காமராஜர் இடைத்தேர்தலில் நின்று சட்டமன்றத்துக்குப் போனது உங்கள் ஊரிலிருந்துதான். அதே காமராஜரை 1967இல் விருதுநகரில் 1,285 வாக்குகளில் தோற்கடித்தவர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். அந்த ஆண்டே அன்றைய வட ஆர்க்காட்டின் வந்தவாசித் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போன கோ. விசுவநாதனுக்கு வயது 28. வேலூரில் பெரிய பல்கலைக்கழகத்தை நிறுவியவராக இன்று உங்களுக்குத் தெரிந்தவர்தான். 1971இல் துரைமுருகன் காட்பாடியில் முதன்முறை வென்றபோது அவருக்கு 33 ஆகவில்லை. காமராஜருக்குப் பின் வந்த இந்த இளைஞர்களின் காலத்தில் ஏறி வர ஓர் ஏணி இருந்தது. கல்லூரி மாணவர் பேரவைத் தேர்தல், தெருமுனைக் கூட்டம், படிப்பகம், 1965இன் மொழிப் போராட்டம். இருபது வயதில் மேடையில் பேசி, கேள்விக்குப் பதில் சொல்லி, தோற்று, மறுபடி நின்று பழகியவர்கள்.

அந்த ஏணி இப்போது பெரும்பாலும் இல்லை. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழு 2006இல் மாணவர் தேர்தலுக்கு விரிவான விதிகளைத் தந்தது. வயது வரம்பு, 75 சதவீத வருகை, ஒரு வேட்பாளருக்கு 5,000 ரூபாய்ச் செலவு என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட விதிகள் அவை. ஆனாலும் நம் கல்லூரிகள் பலவற்றில் வகுப்புப் பிரதிநிதியைப் பேராசிரியரே நியமிக்கிறார். அரசியல் பேசினால் ஒழுங்குக் குலைவு என்று பார்க்கும் நிர்வாகங்கள்தான் அதிகம். 18 வயதில் நாட்டின் பிரதமரை முடிவு செய்ய வாக்களிக்கலாம், தன் விடுதியின் உணவுக் குழுவைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்றால் எப்படி? இது மாற வேண்டும், அதற்காக மாணவர்கள் கேட்க வேண்டும். மாறும்வரை இளைஞர்களுக்கு மிச்சமிருக்கும் பள்ளிக்கூடம் ஊராட்சிதான். அதனால்தான் வார்டைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுகிறேன்.

கட்சியில் சேரலாமா என்று கேட்டீர்கள். சேரலாம். அரசியல் கட்சி கெட்ட இடம் என்று படித்தவர்கள் ஒதுங்குவதை நான் ஏற்பதில்லை. கொள்கை பிடித்த கட்சியில் சேருங்கள். ஆனால் பேனரில் முகம் வரும் பொறுப்பைக் கேட்காதீர்கள்; வாக்குச்சாவடி முகவர் வேலையைக் கேளுங்கள். ஒரு நாள் காலை ஏழு மணிமுதல் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சாவடிக்குள் உட்கார்ந்திருந்தால், யார் ஊரில் இல்லை, யார் பெயர் விடுபட்டது, எந்தத் தெரு வாக்களிக்க வரவில்லை என்பது ஐந்து வருடப் பேச்சைவிட அதிகம் கற்றுத்தரும்.

பணத்தைப் பற்றி மென்மையாகப் பேச எனக்கு மனமில்லை. 2019 மக்களவைத் தேர்தலில் வேலூர்த் தொகுதியின் வாக்குப்பதிவு, பத்துக் கோடி ரூபாய்க்கும் மேல் பணம் பிடிபட்டதால், ஏப்ரல் 18க்கு இரண்டு நாள் முன்பு ரத்தானது. பணத்துக்காக மக்களவைத் தேர்தல் ரத்தானது இந்தியாவில் அதுவே முதல்முறை. ஆகஸ்ட் 5 அன்றுதான் நாம் வாக்களித்தோம், வெற்றி வித்தியாசம் 8,141. முதல் வாக்கை அளிக்கக் காத்திருந்த பிள்ளைகளுக்கு நம் தொகுதி தந்த அனுபவம் அது. ஊராட்சியிலும் பணம் புழங்கும். சில ஊர்களில் பதவியையே ஏலம் விட்டு, "கோயிலுக்கு இவ்வளவு" என்று பேசி முடித்துவிடுவார்கள். அப்படி நடந்தால் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள், தனியாக அல்லாமல் பத்துப் பேர் கையெழுத்தோடு. வார்டு அளவில் பணத்தைப் பழக்கத்தால் வெல்ல முடியும். பெரிய தொகுதியில் அது கடினம். வார்டில் தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாதியைச் சொல்லாமல் போனால் நான் உண்மை பேசவில்லை என்றாகும். ஆம்பூர்ப் பக்கம் நாயக்கனேரி மலை ஊராட்சியின் தலைவர் பதவி 2021இல் பட்டியல் இனப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. ஊரில் எதிர்ப்பு எழுந்தது. ஒருவர் மட்டும் மனு செய்து போட்டியின்றித் தேர்வானார்; வழக்கில் சிக்கி, பதவியேற்க முடியாமல் நீண்ட காலம் காத்திருந்தார். உங்கள் ஊரில் எந்த வார்டு யாருக்கு ஒதுக்கப்பட்டது, அந்த உறுப்பினர் நாற்காலியில் உட்கார வைக்கப்படுகிறாரா என்பதை முதலில் கவனியுங்கள். உட்கார வைக்கப்படவில்லை என்றால் உங்கள் பொது வாழ்க்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நீங்கள் பெண் என்பதால் ஒரு சாதகமும் ஒரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் 2016இலிருந்து பாதி இடங்கள் பெண்களுக்கு. சிக்கல் என்னவென்றால், பல இடங்களில் பெயர் பெண்ணுடையது, நாற்காலியில் இருப்பது கணவரோ அப்பாவோ. ஒன்றிய அலுவலகத்தில் அதிகாரிகளே "சாரை வரச் சொல்லுங்க" என்று போன் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். இதற்கு ஒரே வழி, தொடக்கத்திலிருந்தே உங்கள் காகிதத்தை நீங்களே எழுதுவது, வட்டார வளர்ச்சி அலுவலரிடம் நீங்களே போவது. அப்பாவைத் துணைக்குக் கூட்டிப்போங்கள், பேசுவது நீங்களாக இருக்கட்டும். திங்கட்கிழமை சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஒரு மனுவோடு போய் ஒப்புகைச் சீட்டு வாங்கிவருவது நல்ல முதல் பயிற்சி. பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

படிப்பை விட வேண்டாம். வேலையையும் ஒத்திவைக்க வேண்டாம். வார்டு உறுப்பினர் பதவி முழுநேர வேலை அல்ல, அதிலிருந்து வாழ்க்கை நடத்தவும் முடியாது. தனியார் வேலையில் இருந்துகொண்டே செய்யலாம். அரசு வேலைக்குப் போனால் மட்டும் தேர்தலில் நிற்க முடியாது, அதை முன்பே யோசித்து முடிவெடுங்கள். வீட்டில் அம்மாவிடம் பேசும்போது "அரசியலுக்குப் போகிறேன்" என்று தொடங்காமல், "நம் தெருக் குழாய்க்கு மனு எழுதியிருக்கிறேன், நீங்களும் கையெழுத்துப் போடுங்கள்" என்று தொடங்கிப் பாருங்கள்.

உடனே செய்ய வேண்டியது மூன்றுதான். வேலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறீர்கள் என்றால் உங்கள் பெயர் ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஊராட்சியின் வாக்காளராக இல்லாதவர் அங்கே நிற்க முடியாது. இல்லையென்றால் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுங்கள். ஊரில் 17 வயது நிறைந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் இப்போதே முன்கூட்டி விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் எதிலும் பாக்கி இருக்க விடாதீர்கள், ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். மனுப் பரிசீலனை நாளில் எதிராளி முதலில் தேடுவது அதைத்தான். அடுத்த கிராம சபை எந்தத் தேதியில், எந்த இடத்தில் என்று ஊராட்சிச் செயலரிடம் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள்.